உயிர் ஊசலாடும்போது முடிவு சொல்வது யார்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வருகிறார். வராந்தாவில் உட்கார்ந்து இருக்கும் மகன்களும் மகள்களும் எழுந்து நிற்கிறார்கள்.

"நாங்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோம். கருவியின் உதவியால்தான் மூச்சு ஓடிக்கொண்டு இருக்கிறது. தொடர்ந்து வைத்து இருப்பதா, வேண்டாமா? நீங்கள் கலந்து பேசிச் சொல்லுங்கள்."

இவ்வளவுதான் டாக்டர் சொல்வார். பிறகு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார்.

மூத்த மகன் தம்பியைப் பார்ப்பார். தம்பி, "அக்கா வரட்டும்" என்பார். அக்கா வந்ததும் அழுவார். மருமகன் வாயைத் திறக்கமாட்டார். திறந்தால், "வெளி ஆளுக்கு என்ன பேச்சு?" என்ற கேள்வி வரும். ஊரில் இருந்து வந்த சித்தப்பா மட்டும், "பணத்தைப் பார்க்காதீர்கள்" என்று உரக்கச் சொல்வார். பணம் அவருடையது அல்ல!

உள்ளே படுத்து இருப்பவர் என்ன விரும்புவார் என்ற கேள்வியை மட்டும் அங்கே யாரும் கேட்பது இல்லை.

நம் பாட்டன் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மூச்சு நின்றால் நின்றதுதான். 1952-ம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுவிட முடியாமல் தவித்த நோயாளிகளுக்கு, தொண்டையில் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரவு பகலாக, முறை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தார்கள். ஏராளமான உயிர்கள் பிழைத்தன. கை செய்த வேலையைப் பிறகு எந்திரம் செய்யத் தொடங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அப்படி வளர்ந்ததுதான்.

அந்த எந்திரம் பலரைப் பிழைக்க வைத்தது. பிழைக்க வழியே இல்லாதவர்களின் சாவைத் தள்ளிப் போடவும் செய்தது. அங்கேதான் சிக்கல் பிறந்தது.

அருணாவின் கதை

அருணா சான்பாக் என்ற பெயரை இந்திய நர்சுகள் மறக்கமாட்டார்கள். கர்நாடகத்தில் பிறந்தவர். பம்பாய் (இன்றைய மும்பை) கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்த்தார். திருமணம் நிச்சயமாகி இருந்தது.

1973-ம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ந்தேதி, அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த ஒருவன் அவரைத் தாக்கினான். நாய் கட்டும் சங்கிலியால் கழுத்தை இறுக்கினான். மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டது. உயிர் இருந்தது, பேச்சும் நினைவும் போய்விட்டன.

அதே ஆஸ்பத்திரியில், ஒரே கட்டிலில், 41 ஆண்டுகளுக்கும் மேல் அருணா கிடந்தார். ஒரு நர்சு ஓய்வு பெறுவார், இன்னொருவர் வருவார். வந்தவர் அருணாவுக்கு உணவு கொடுப்பார், உடம்பு துடைப்பார், புரட்டிப் படுக்க வைப்பார். அத்தனை ஆண்டுகளில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை! வீட்டில் ஒருவரை மூன்று மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

பத்திரிகையாளர் பிங்கி விரானி, அருணாவின் கதையைப் புத்தகமாக எழுதியவர். 2009-ம் ஆண்டில் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். "இது வாழ்க்கையே அல்ல. உணவு கொடுப்பதை நிறுத்தி, அருணாவை நிம்மதியாகப் போக விடுங்கள்" என்று கேட்டார். ஆஸ்பத்திரி நர்சுகள் மறுத்தார்கள். "அவர் எங்களில் ஒருவர். நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள்.

2011-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி தீர்ப்பு வந்தது. பிங்கி விரானியின் மனு தள்ளுபடி ஆயிற்று. பிங்கி விரானிக்கு அருணா மீது அக்கறை இருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் அருணாவைப் பராமரித்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். ஆகவே அருணாவுக்காகப் பேசும் உரிமை அவர்களுக்கே உண்டு என்று கோர்ட்டு சொன்னது.

ரத்த உறவு இல்லாத நர்சுகளை அன்று கோர்ட்டு குடும்பத்தின் இடத்தில் வைத்தது. சொத்துப் பங்கு கேட்கும் நேரத்தில் மட்டும் வரும் சொந்தக்காரர்கள் யோசிக்க வேண்டிய தீர்ப்பு இது!

2015-ம் ஆண்டு மே 18-ந்தேதி, நிமோனியா காய்ச்சலால் அருணா இறந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அருணா வழக்கில் இன்னொரு கதவும் திறந்தது. பிழைக்க வழி இல்லாத நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம்; ஆனால் ஐகோர்ட்டின் அனுமதி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. சாகக் கிடப்பவரின் பிள்ளைகள் ஐகோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைய முடியுமா? முடியாது. ஆகவே அந்தக் கதவு திறந்தும் பயன் இல்லை.

'காமன் காஸ்' என்ற பொதுநலச் சங்கம் 2005-ம் ஆண்டிலேயே ஒரு வழக்குப் போட்டு இருந்தது. அதில் 2018-ம் ஆண்டு மார்ச் 9-ந்தேதி, 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்பு அளித்தது. கவுரவமாக வாழும் உரிமையில் கவுரவமாக இறக்கும் உரிமையும் அடங்கும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒருவர், "பிழைக்க வழி இல்லாத நிலை எனக்கு வந்தால், இன்ன இன்ன சிகிச்சை வேண்டாம்" என்று எழுதி வைக்கலாம் என்றும் கோர்ட்டு சொன்னது. இதை 'லிவிங் வில்' என்கிறார்கள். தமிழில் மருத்துவ உயில் எனலாம். சொத்து உயில் செத்த பிறகு பேசும். இந்த உயில் சாவதற்கு முன்பே பேசும்.

ஆனால் 2018-ம் ஆண்டு வகுத்த முறை கடினமாக இருந்தது. மாஜிஸ்திரேட்டு கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் குழு என்று பல படிகள். டாக்டர்கள் முறையிட்டார்கள். 2023-ம் ஆண்டு ஜனவரி 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை எளிதாக்கியது. இப்போது, நோயாளியைப் பார்க்கும் டாக்டரும் அனுபவம் உள்ள 2 நிபுணர்களும் சேர்ந்து முதலில் முடிவு சொல்ல வேண்டும். அதை வேறு 3 டாக்டர்கள் கொண்ட இரண்டாவது குழு சரிபார்க்க வேண்டும். அந்த மூவரில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பார். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சிகிச்சையை நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும். டாக்டர்கள் குழு மறுத்தால், ஐகோர்ட்டுக்குப் போகலாம்.

உயில் எழுதாதவர்களுக்கும் இதே முறைதான். அப்போது, நெருங்கிய உறவினர்களின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

இதைப் பலர் 'கருணைக் கொலை' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லே குழப்பம் தருவது. விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவது இந்தியாவில் குற்றம். நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா போன்ற நாடுகள் கடும் நிபந்தனைகளோடு டாக்டர் மூலம் அதை அனுமதித்து இருக்கின்றன, இந்தியா அனுமதிக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது, பலன் தராத சிகிச்சையை நிறுத்துவதை மட்டுமே. அப்போது நோயாளியைக் கொல்வது டாக்டரும் அல்ல, மகனும் அல்ல. நோய்தான்.

மூளைச்சாவு என்பதும் வேறு. மூளை முழுவதும் மீள முடியாதபடி செயல் இழந்துவிட்டது என்று முறைப்படி சோதித்து அறிவிப்பது அது. 2008-ம் ஆண்டில் செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஹிதேந்திரன் விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தான். டாக்டர்களான அவனுடைய பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாடே கண்ணீர் விட்டது. அங்கே "பிழைப்பானா?" என்ற கேள்வி இல்லை. அருணாவின் மூளையோ முழுதும் சாகவில்லை. வராந்தாவில் நிற்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கின்றன. டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இது மூளைச்சாவா, இல்லையா?"

கணவரா, பெற்றோரா?

குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் போல் இன்னொன்று இல்லை.

டெரி சியாவோ, புளோரிடா மாநிலத்தில் வாழ்ந்த பெண். 1990-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒருநாள் அதிகாலையில் வீட்டில் மயங்கி விழுந்தார். இதயம் நின்று, மூளைக்கு ரத்தம் போகாமல், நினைவு போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 26. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உணவு கொடுத்தார்கள்.

தொடக்கத்தில் கணவர் மைக்கேலும் டெரியின் பெற்றோரும் ஒற்றுமையாகவே இருந்தார்கள். மாமனார், மாமியார், மருமகன் மூவரும் சேர்ந்துதான் டெரியைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர்கள் மீது போட்ட வழக்கில் பெருந்தொகை நஷ்டஈடாக வந்தது. 1993-ம் ஆண்டில் மனக்கசப்பு வந்தது. அதற்குப் பிறகு இரு தரப்பும் ஒட்டவே இல்லை.

1998-ம் ஆண்டில் மைக்கேல் கோர்ட்டுக்குப் போனார். "என் மனைவி இப்படிக் கிடக்க விரும்பமாட்டாள். உணவுக் குழாயை எடுத்துவிடுங்கள்" என்றார். "எங்கள் மகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்று பெற்றோர் மன்றாடினார்கள்.

டெரி என்ன விரும்பினார்? எழுதி வைத்த காகிதம் ஒன்றும் இல்லை. கணவரும், கணவரின் சகோதரர் ஒருவரும், இன்னொரு சகோதரரின் மனைவியும் சாட்சி சொன்னார்கள். சொந்தத்தில் ஒரு சாவு நடந்தபோதும் வேறு சமயங்களிலும், "எனக்கு இப்படிக் கருவி வைக்க வேண்டாம்" என்று டெரி சொன்னாராம். பேச்சுவாக்கில் வந்த அந்தச் சில வார்த்தைகள்தான் முழு வழக்குக்கும் அடிப்படை! 2000-ம் ஆண்டில் நீதிபதி அவற்றை நம்பினார். பெற்றோர் நம்பவில்லை.

குழாயை எடுத்தார்கள், மேல் வழக்கு வந்தது, மறுபடி வைத்தார்கள். 2003-ம் ஆண்டில் இரண்டாம் முறை எடுத்தார்கள். புளோரிடா சட்டசபை அவசரமாக ஒரு தனிச் சட்டம் போட்டு மறுபடி வைக்கச் செய்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று அந்த மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2005-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி மூன்றாம் முறை எடுத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விடுமுறை நாளில் கூடியது. ஜனாதிபதி புஷ் டெக்சாசில் இருந்து தலைநகருக்குத் திரும்பி, நள்ளிரவு கழிந்த நேரத்தில் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அப்போதும் கோர்ட்டுகள் அசையவில்லை. மார்ச் 31-ந்தேதி டெரி இறந்தார்.

பிணப் பரிசோதனையில், அவருடைய மூளை இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது தெரிய வந்தது. எந்தச் சிகிச்சையாலும் அது மீண்டிருக்க முடியாது என்று டாக்டர்கள் அறிவித்தார்கள். அதன் பிறகும் இரு தரப்பும் சமாதானம் ஆகவில்லை.

கணவர் கெட்டவர் என்றோ, பெற்றோர் பிடிவாதக்காரர்கள் என்றோ சொல்லிவிடுவது எளிது. இரு தரப்பும் அவரவர் அறிந்த டெரிக்காகவே போராடினார்கள். கல்யாணமான பெண்ணைக் கணவன் அறிந்தது ஒரு விதம். பெற்றவள் அறிந்தது இன்னொரு விதம். டெரி ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி இருந்தால், சண்டை இந்த அளவுக்கு வளர்ந்து இருக்காது.

"கிடக்காமல் போகணும்"

நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்லத்தான் செய்கிறார்கள். "யாருக்கும் பாரமாகப் படுத்துக் கிடக்காமல் போய்ச் சேரணும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லாத பாட்டி உண்டா? "சாவு வந்தால் என் வீட்டிலேயே வரட்டும், ஆஸ்பத்திரியில் வேண்டாம்" என்று சொல்லாத தாத்தா உண்டா? "ஏன் இப்படி அபசகுனமாகப் பேசுகிறீர்கள்?" என்று பிள்ளைகள் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சை அன்றைக்கே முழுவதும் கேட்டு இருந்தால், பின்னால் வராந்தாவில் முழிக்க வேண்டியது இல்லை. எதற்குப் பயப்படுகிறார்? வலிக்கா, செலவுக்கா, தனிமைக்கா? சிலர், "எவ்வளவு செலவானாலும் சரி, கடைசிவரை பாருங்கள்" என்றும் சொல்லக்கூடும். அதுவும் அவருடைய உரிமைதான்.

வராந்தாவில் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே தவறான கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். "அப்பாவின் மூச்சை நிறுத்த நான் எப்படிச் சம்மதிப்பேன்?" என்பது அந்தக் கேள்வி. அதற்கு எந்த மகனும் பதில் சொல்ல முடியாது. "அப்பா இங்கே எழுந்து உட்கார்ந்து, தம் நிலையைத் தாமே பார்த்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டால், பல வீடுகளில் பதில் உடனே வந்துவிடும். அண்ணன் தம்பிக்குள் சண்டையும் குறையும். ஏனென்றால் முடிவு அப்பாவுடையது. பிள்ளைகள் அதை எடுத்துச் சொல்கிறவர்கள் மட்டுமே.

பொய்க் கையெழுத்து

நடைமுறையில் என்ன நடக்கிறது? முடிவைச் சொல்வது பல நேரங்களில் அப்பாவும் அல்ல, பிள்ளைகளும் அல்ல. ஆஸ்பத்திரி பில்! நகை அடகுக்குப் போகும். நிலம் கைமாறும். கையில் ஒன்றும் இல்லை என்ற நிலை வந்ததும், "டாக்டர் சொல்லை மீறி அழைத்துப் போகிறோம்" என்று ஒரு காகிதத்தில் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள். ஆம்புலன்சு வீட்டு வாசலுக்கு வரும். குழாயை எடுப்பார்கள்.

அந்தக் காகிதத்தில் உள்ளது பல நேரம் உண்மை அல்ல. இனிப் பயன் இல்லை என்று டாக்டருக்கும் தெரியும். ஆனால் அவர் வழக்குக்குப் பயப்படுகிறார். இரண்டு குழு அமைக்க அந்த ஊரில் நிபுணர்களும் இல்லை. ஆகவே பழி முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. "அப்பனைக் கைவிட்டான்" என்ற ஊர்ப் பேச்சை மகன் ஆயுள் முழுவதும் சுமக்கிறான். சட்டம் நல்லது, ஆனால் அது மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியையும் தாலுகா ஆஸ்பத்திரியையும் சென்று அடையாதவரை, இந்தப் பொய்க் கையெழுத்து ஓயாது.

இதில் மிகக் கொடுமை வேறு ஒன்று. அப்படி வீட்டுக்கு வருகிறவருக்கு வலி தணிக்க மருந்து கிடைப்பது இல்லை. சிகிச்சையை நிறுத்துவது என்றால் கவனிப்பையே நிறுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்து, வாய் உலராமல், புண் வராமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியம் கடைசி மூச்சு வரை தொடர வேண்டும். புற்றுநோய் வலிக்கு மார்பின் நல்ல மருந்து. மார்பின் எடுக்கும் அபின் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. ஆனால் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து, பல ஆஸ்பத்திரிகள் அதைத் தொடவே இல்லை. 2014-ம் ஆண்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மருந்துக்கு வழி செய்தார்கள்.

கேரளத்தில் 1993-ம் ஆண்டிலேயே கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இதற்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 2008-ம் ஆண்டில் அரசே தனிக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து வலி தணிக்கும் வைத்தியமும் இடம் பெற்றது. வராந்தாவில் நிற்கும் குடும்பம் டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இதுதான்: "வீட்டுக்குக் கொண்டு போனால், வலிக்கு யார் மருந்து தருவார்கள்?"

எழுதி வைக்க என்ன வேண்டும்?

மருத்துவ உயில் எழுத வக்கீல் கட்டாயம் இல்லை. எழுதுகிறவர் வயது வந்தவராக, தெளிந்த புத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2 சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரியோ கெசட் பதவி பெற்ற அதிகாரியோ சான்று அளிக்க வேண்டும்.

தமக்கு நினைவு போனால், தமக்காகச் சம்மதம் சொல்லக்கூடிய உறவினரின் பெயரையும் எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களையும் எழுதலாம். இங்கேதான் நம் குடும்பங்களுக்கு யோசனை வேண்டும். மூத்த மகன் என்பதற்காகத் துபாயில் இருப்பவரின் பெயரை எழுதிவிட்டு, கூடவே இருந்து கஞ்சி ஊற்றும் மகளின் பெயரை விட்டுவிடுவது நம் வழக்கம். அருணா வழக்கில் கோர்ட்டு யார் பக்கம் பார்த்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. யார் பெயரை எழுதினாலும், மற்றப் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால், பின்னால் "எனக்குத் தெரியாதே" என்ற பேச்சு எழாது.

நகல் ஒன்றைப் பெயர் குறிப்பிட்டவருக்கும், குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கும் கொடுக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்த உயிலால், அவசரத்துக்கு ஓடும் ஆஸ்பத்திரியில் பயன் இல்லை. நகராட்சி, பஞ்சாயத்து போன்ற உள்ளாட்சி அமைப்பின் அதிகாரியிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. அதை வாங்கி வைக்க யாரை நியமிப்பது என்பதில் பல மாநிலங்கள் மெத்தனம் காட்டின. 2025-ம் ஆண்டு ஜனவரியில் கர்நாடக அரசு, சுப்ரீம் கோர்ட்டு வகுத்த முறையை நடைமுறைப்படுத்தும்படி சுற்றறிக்கை அனுப்பியது.

எழுதியவர் மனம் மாறினால், எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் அதை மாற்றலாம், ரத்து செய்யலாம். எழுதியவர் நினைவோடு பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை, அந்தக் காகிதத்தை யாரும் எடுக்க வேண்டியதும் இல்லை. டாக்டர் அவரைத்தான் கேட்க வேண்டும்.